கண்ணாடி அளவுக்குப் படம்

தாராவி
4-7-1965

அன்பு மகள் தங்கமயிலுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நல்ல மழை. கடைக்குள் ஒழுகுகிறது. ஆனால் சட்டம் போட வந்திருக்கிற சாமி படங்களின் மேல் ஒரு சொட்டு விழவில்லை, எல்லாம் என் தலையில்தான். ஆகவே எல்லாரும் சுகம் என்று எழுதலாம்.

நேற்று சுடலை அண்ணாச்சி கடைக்கு வந்தார். "ஒம் மவ பரோடாவுல என்னதான் படிக்கா?" என்றார். நீ சொல்லிக்கொடுத்தபடியே, "பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியம்" என்றேன். "அதான் முடிஞ்சு போச்சேடே. முடிஞ்சதப் படிக்க இன்னும் எத்தன வருசம்?" என்றார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான், எனக்கு எங்கே தெரியும். "சாமி படத்த எப்ப அச்சடிச்சான், எவன் வரைஞ்சான்னு கண்டுபிடிக்கிற படிப்பு" என்று சமாளித்தேன். "அதுக்கு ஒங் கடையிலயே உக்காந்திருக்கலாமே, ஓசியில பாத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ கேட்ட மாதிரிப் பழைய படம் ஒன்று கிடைத்தது. மாட்டுங்காவில் வாலாம்பாள் மாமி வீட்டில் ஆணி கழன்று சரஸ்வதி கீழே விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. மாமியின் மாமியார் காலத்துப் படமாம். "ஒடஞ்ச படத்த ஆத்துல வெச்சுக்கப்படாது. சமுத்திரத்துல விட்டுடுங்கோ" என்று என் கையில் கொடுத்தார்கள். "என் மகள் படிப்புக்கு அனுப்பட்டுமா மாமி?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்கள். "சரஸ்வதிதானே. படிக்கற எடத்துக்குப் போனா தப்பில்லே" என்றார்கள். ஆக, மாஹிம் கடலுக்குப் போகவேண்டியவள் உன்னிடம் ரயிலேறி வருகிறாள்.

பல்கலைக்கழகத்துக்குப் போகிற படம் மூளியாகப் போகலாமா? ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. கொஞ்சம் கைவேலை செய்து, தேக்குச் சட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன். பக்கத்துக் கண்ணாடிக் கடை நாகூர் மீரான் நல்ல கண்ணாடியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தான்.

உன் அம்மா தை வரைக்கும்தான் பொறுப்பாளாம். அதற்குள் உனக்குக் காலேஜில் வேலை வந்தால் சரி. வராவிட்டால் தேவ்நார் மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடுவாளாம். அவளிடமும் தலையாட்டுகிறேன், உன்னிடமும் தலையாட்டுகிறேன். கழுத்து வலிக்கிறது.

அப்பா
அய்யாத்துரை

பரோடா
10-8-1965

அன்புள்ள அப்பா,

சரஸ்வதி சுகமாக வந்து சேர்ந்தாள். எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. படித்தால் கோபிக்க மாட்டீர்கள்.

எங்கள் துறைத்தலைவர் இரண்டு வருடமாக எனக்குச் சொல்லிவருவது ஒன்றே ஒன்றுதான். அஜந்தா இருக்கிறது, மொகலாயர் காலம் இருக்கிறது, அதற்குப் பிறகு நூறு வருடம் இந்த நாட்டில் எல்லாரும் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் அச்சுப் படங்களோ இந்த நூற்றாண்டுக் கேலண்டர்கள், அதற்கு எதற்கு ஆராய்ச்சி? இல்லை சார், பம்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கல்லச்சில் வண்ணப் படங்கள் வந்துவிட்டன என்று நான் சொல்வேன். வருடம் போட்ட ஒரு படத்தைக் காட்டு என்பார். என்னால் காட்ட முடியாது. வருடம் அச்சாகியிருப்பது அடியோரத்தில். அந்த ஓரத்தைப் பிரேம் போடுகிறவர்கள் வெட்டிவிடுகிறார்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்போது கேளுங்கள். நீங்கள் அனுப்பிய சரஸ்வதியின் அடியில், தங்கக் கோட்டுக்குக் கீழே, ஆங்கிலத்தில் அச்சுக்கூடத்தின் பெயர், பம்பாய், 1888 என்று தெளிவாக இருக்கிறது. கண்ணாடிக்கு மேலேயே பூதக்கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். சட்டத்தைப் பிரித்தும் பார்த்திருக்கலாம். நீங்கள் போட்ட சட்டம், பிரிக்க மனம் வரவில்லை.

போன வாரம் துறையில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். தலைவர் எழுந்து வந்து படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "இதை உடனே பத்திரிகைக்கு அனுப்பு. நவம்பரில் விரிவுரையாளர் தேர்வு இருக்கிறது. இந்த ஒரு கட்டுரை போதும்" என்றார்.

அம்மாவிடம் சொல்லுங்கள். தைக்கு முன்பே வேலை வந்துவிடும்.

தங்கமயில்

தாராவி
18-8-1965

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நாகூர் மீரானுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். உன் அம்மா ஜிலேபி வாங்கிக் கடை வரிசை முழுக்கக் கொடுத்துவிட்டாள். சுடலை அண்ணாச்சி இரண்டாகக் கேட்டு வாங்கித் தின்றார். முடிந்துபோன நூற்றாண்டில் இவ்வளவு இனிப்பு இருக்கும் என்று அவருக்குத் தெரியாதாம்.

ஆனால் எனக்குத்தான் அதிகப் பெருமை. ஏன் என்று கேள். அந்தத் தங்கக் கோட்டை நீயும் அச்சு என்று நினைத்துவிட்டாய் அல்லவா? அது அப்பாவின் தூரிகை. சரஸ்வதியின் அடியோரம் முழுக்கச் செல்லரித்துக் கையோடு வந்துவிட்டது. நம் கடை டிராயரில் வெட்டின ஓரத்துண்டுகள் கிடக்குமே, சட்டத்தின் பின்பக்கம் பூச்சி நுழையாமல் ஒட்டுவதற்கென்று வைத்திருப்பது, அதற்குள் கையை விட்டுத் துழாவினேன். இந்தப் படத்தின் நிறத்துக்கே ஒரு துண்டு அகப்பட்டது. அதில் இங்கிலீஷ் எழுத்தும் இருந்தது. படிக்கிற இடத்துக்குப் போகிற படத்தில் நாலு எழுத்து இருந்தால் மரியாதைதானே? அதை ஒட்டி, ஒட்டின இடம் தெரியாமல் மேலே ஒரு கோடு இழுத்தேன். உன் தலைவர் வெகுநேரம் நின்று பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை என்றால், என் கைக்கு அந்தக் காலேஜில் நீ ஒரு சர்டிபிகேட் வாங்கித் தரவேண்டும்.

அப்பா

பரோடா
23-8-1965

அப்பா,

இதை உட்கார்ந்து படியுங்கள்.

இன்று ஆணிகளைப் பிடுங்கிப் படத்தை வெளியே எடுத்தேன். நீங்கள் சொன்னபடி ஒட்டு இருக்கிறது. துண்டின் மேல் விளிம்பில் ஒரு பச்சைக் கொடி ஓடுகிறது. அதன் இலைகள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கின்றன. உங்கள் தங்கக் கோடு அவற்றை மூடியிருந்தது, ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்த பிறகுதான் தெரிந்தது. சரஸ்வதி படத்தில் கொடியே கிடையாது.

அந்த வருடம் அந்தப் படத்தின் வருடம் இல்லை. என் கட்டுரையோ அந்த வருடத்தின் மேல்தான் நிற்கிறது. அதுவும் பத்திரிகைக்குப் போய்விட்டது.

நீங்கள் ஆசையாகச் செய்தீர்கள். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். அந்தத் துண்டு எந்தப் படத்திலிருந்து வெட்டியது?

தங்கமயில்

தாராவி
27-8-1965

மயிலு,

உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

எந்தப் படம் என்று தெரியவில்லை அம்மா. நம் தொழில் உனக்குத் தெரியும். கண்ணாடி நாலைந்து அளவில்தான் வரும். படம் பெரிசாக இருந்தால் படத்தை வெட்டுவோம், கண்ணாடியை வெட்டிச் சேதாரம் செய்யமாட்டோம். இத்தனை வருடத்தில் எத்தனை சாமிகளுக்குப் பாதம் வரைக்கும் முடிவெட்டியிருப்பேனோ. டிராயருக்குள் போனபின் எது முருகன் ஓரம், எது பிள்ளையார் ஓரம் என்று யார் பார்த்தது?

உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஜிலேபியைத் திரும்ப வாங்கவும் முடியாது.

ஒரு யோசனை. போன முறை நான் எழுதின கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. துண்டில் இருக்கிற வருடம் ஒன்றும் நான் எழுதினது இல்லை, அச்சுதான். ஒட்டினதுதான் நான். விஷயம் தெரிந்தது நமக்கும் நாகூர் மீரானுக்கும் மட்டும். நவம்பர் கழியட்டும், வேலை கையில் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதை எழுதும்போது நாகூர் மீரான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டான். "நா வாயத் தொறக்கமாட்டேன் காக்கா. ஆனா ஒங்க மவ தொறந்துரும், பாருங்க" என்கிறான். அவனுக்கு என்ன தெரியும்.

அப்பா

பரோடா
9-9-1965

அன்புள்ள அப்பா,

நாகூர் மீரான் மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதையும் இப்போது வந்ததையும் தலைவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். தமிழை அவருக்கு வரிவரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். பாதத்துக்கு முடிவெட்டிய இடத்தில் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. "இதற்காகத்தான் சொன்னேன், கடைச் சரக்கில் வரலாறு தேடாதே என்று. இப்போதாவது கோயில் சிற்பத்துக்கு மாறிக்கொள்" என்றார். மாறமாட்டேன் என்றேன். பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிவிட்டேன். நவம்பர் தேர்வுக்கு என் பெயரும் போகுமாம், ஆனால் எதிர்பார்க்க வேண்டாமாம்.

தவறு உங்களுடையது மட்டும் இல்லை. சட்டத்தைப் பிரித்துப் பார்க்காமல் எழுதியது நான். வேறு யாராவது போட்ட சட்டமாக இருந்தால் முதல் நாளே பிரித்திருப்பேன்.

அழுது முடித்த பிறகுதான் இது தோன்றியது. துண்டு பொய்யில்லை. 1888இல் அச்சான படம் ஒன்று இருந்திருக்கிறது. அதன் ஓரத்தை நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள். ஓரத்தை வெட்டினால் மிச்சத்துக்குச் சட்டம் போட்டுத்தானே கொடுத்திருப்பீர்கள்? அப்படியானால் அந்தப் படம் இப்போதும் யார் வீட்டுச் சுவரிலோ தொங்குகிறது. அடியில் பாதி இலைகளோடு.

துண்டை ஒட்டுப் பிரித்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்புகிறேன். அதில் கோந்து, வர்ணம், ஜிகினா எதுவும் படக்கூடாது. நீங்கள் வெட்டிய படத்தை நீங்கள்தான் கண்டுபிடித்துத் தரவேண்டும்.

தங்கமயில்

தாராவி
19-12-1965

அன்பு மகளுக்கு,

வேலை கோயில் சிற்பம் படித்தவருக்குப் போய்விட்டது என்ற உன் கார்டு வந்தது. உன் அம்மா படித்துவிட்டு மாவாட்டப் போனாள். மறுநாள் இட்லி கல்லாக இருந்தது.

மூன்று மாதமாக உன் அப்பாவுக்கு ஊரில் என்ன பேர் தெரியுமா? சாமி படத்துக்கு அடியில் எட்டிப் பார்க்கிறவன். துண்டு இருக்கிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சட்டம் போட்டுக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போகிறேன். "கண்ணாடி அழுக்காயிருக்கும், சும்மா தொடச்சுத் தாறேன்" என்று சொல்லி உள்ளே நுழைவது. மாடத்தி மதினி வீட்டில் முருகன் காலடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என் முருகன்ட்ட என்னத்தத் தேடுதீரு?" என்றாள். "எலை தேடுதேன் மதினி" என்றேன். "வெத்தலையா? நேத்தே தீந்துபோச்சு" என்று கதவைச் சாத்திவிட்டாள். மாட்டுங்காவில் வாலாம்பாள் மாமி மட்டும் கூடவே வந்து நாலு வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தார்கள். ஒன்றும் சேரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குப் போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிற கணேசபாண்டியனை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் உனக்குக் கற்கண்டு கொடுப்பான். அவன் கல்லாவுக்கு மேலே ஒரு லட்சுமி. சோர் பஜார் பழைய சாமான் கடையில் வாங்கிவந்து, கடை திறப்புக்கு என்னிடம் சட்டம் போட்டது. முக்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பச்சைக் கொடி இறங்கி வருகிறது. அடியில் சட்டத்தின் விளிம்பு மறைக்கிறது. இறக்கிப் பிரித்தால்தான் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது மயிலு.

"கொஞ்சம் எறக்குவமாடே" என்று கேட்டேன். கணேசபாண்டியன் முகம் மாறிவிட்டது. "கல்லாவுக்கு மேல இருக்க லட்சுமிய யாவார நாள்ல எறக்கச் சொல்லுதீரா? அதுக்குக் கடைய இழுத்து மூடச் சொல்லுமேன்" என்றான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உன் பேரைச் சொன்னேன். கற்கண்டை ஞாபகப்படுத்தினேன். அசையவில்லை. ஆயுத பூசை அன்றைக்கு மட்டும்தான் இறக்கித் துடைத்து, பூசைக்கு முன்னால் திரும்ப மாட்டுவானாம். இந்த வருடத்து ஆயுத பூசை அக்டோபரிலேயே போய்விட்டது.

நான் வேண்டுமானால் அவன் கடை மூடியிருக்கும்போது பூட்டை உடைக்கட்டுமா? சும்மா கேட்டேன். இந்த வயதில் முக்காலி ஏறவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

தை வருகிறது. உன் அம்மாவுக்கு என்ன சொல்ல?

அப்பா

பரோடா
8-1-1966

அன்புள்ள அப்பா,

ஆயுத பூஜை வரைக்கும் காத்திருக்கிறேன். அந்தப் படம் இத்தனை வருடம் காத்திருந்திருக்கிறது, நான் இருக்கமாட்டேனா? உதவித்தொகையை இன்னும் ஒரு வருடம் நீட்டித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் மற்ற அத்தியாயங்களை எழுதி முடித்துவிடுவேன். புதிதாக ஒரு அத்தியாயமும் சேர்த்திருக்கிறேன். படம் அச்சுக்கூடத்திலிருந்து வீட்டுச் சுவருக்குப் போகும் வழியில் யார் யார் கை படுகிறது, என்னென்ன வெட்டுப்படுகிறது, என்னென்ன ஒட்டப்படுகிறது என்று. அதற்கு உங்கள் கடிதங்கள் உதவுகின்றன. சிரிக்க வேண்டாம், உண்மையாகவே.

கணேசபாண்டியன் மாமாவைத் தொந்தரவு செய்யாதீர்கள். இறக்குகிற நாளில் நானும் அங்கே இருப்பேன் என்று மட்டும் சொல்லி வையுங்கள். அதுவரை யாரும் அந்தச் சட்டத்தைத் தொடக்கூடாது. நீங்கள் துடைக்கக்கூடக் கூடாது.

கீழே இருப்பதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அம்மா, தைக்கு நான் வரவில்லை. தேவ்நார் வீட்டாருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்களிடம் குறை ஒன்றும் இல்லை. நான் தொடங்கியதை முடிக்காமல் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுச் சுவரில் இருக்கிற படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அது அவர்களுக்கும் நல்லதில்லை. திட்ட வேண்டுமென்றால் அப்பாவை எழுதச் சொல்லுங்கள், படித்துக்கொள்கிறேன்.

தங்கமயில்

தாராவி
30-10-1966

அன்பு மகளுக்கு,

நீ ரயிலேறிப் போனதிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. ஆயுத பூசை அன்றைக்குச் செம்பூரில் நடந்தது நீயும் கூட இருந்து பார்த்ததுதான், இருந்தாலும் எழுதி வைக்கவேண்டும் போலிருக்கிறது.

ஆணியை நான் பிடுங்குகிறேன் என்றதற்கு நீ இடுக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய் பார், அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு நீ கண்ணாடியில் கீறல் விழாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கியதைப் பார்த்தேன். வாங்கிக்கொண்டது நல்லதாகப் போயிற்று. கணேசபாண்டியன் பூசைத் தட்டோடு நின்றுகொண்டு, "ஏ பிள்ள, லட்சுமிக்கு வலிக்காம எடு" என்று முனகிக்கொண்டே இருந்தான். ஆணி எல்லாம் வரும் வரைக்கும் உன் அம்மா சுண்டல் பாத்திரத்தைக் கீழே வைக்கவே இல்லை.

நீ துண்டைக் கொண்டுபோய் லட்சுமியின் காலடியில் வைத்தாய். மேலே பாதி இலை, கீழே பாதி இலை. ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. நடுவில் ஓரிடத்தில் என் கத்தி வழுக்கிக் கோணலாகப் போயிருந்தது. கீழேயும் அதே கோணல், அதே இடத்தில். என் வாழ்க்கையில் நான் செய்த கோணல் வேலையை ஒருத்தி கைகூப்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். உன் அம்மாவைச் சொல்கிறேன். லட்சுமியைக் கும்பிட்டாளோ, வருடத்தைக் கும்பிட்டாளோ, தெரியவில்லை.

நீ போட்டோ எடுத்து முடித்துப் பூசைக்கு முன்னால் திரும்ப மாட்டிவிட்டோம். கணேசபாண்டியன் துண்டை உன்னிடமே கொடுத்ததுதான் எனக்கு ஆச்சரியம். இப்போது பருப்பு வாங்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எங் கடை லட்சுமி வெள்ளக்காரி ராணி காலத்தவ. பரோடா காலேஜுலருந்து வந்து பாத்துட்டுப் போயிருக்காவ" என்று சொல்கிறானாம்.

உன் அம்மா ரயிலடியிலிருந்து திரும்பும்போது ஒன்று சொன்னாள். "படிச்சு முடிக்கட்டும். தேவ்நார்ல கேட்டா நா பேசிக்கிடுதேன்." அவ்வளவுதான். கழுத்து வலி குறைந்திருக்கிறது.

அப்பா

பரோடா
17-3-1968

அன்புள்ள அப்பா,

முதலில் செய்தி. பட்டம் கிடைத்துவிட்டது. வேலையும் கிடைத்துவிட்டது, இதே துறையில். ஜூனிலிருந்து எம்.ஏ. மாணவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டை நான் நடத்துகிறேன். இதுவரை அப்படி ஒரு பாடமே இங்கே இருந்ததில்லை. சுடலை மாமாவிடம் சொல்லுங்கள், அது இன்னும் முடியவில்லை.

வாய்மொழித் தேர்வுக்குக் கல்கத்தாவிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். முதல் படமாக லட்சுமியைக் காட்டுவேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் சரஸ்வதியைக் காட்டினேன், தங்கக் கோட்டோடு எடுத்த போட்டோவை. "இது போலி ஒட்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏன் காட்டுகிறீர்கள்?" என்றார். "நான் இதை நம்பினேன். இந்தப் படங்களைப் படிக்க வருகிறவர்கள் முதலில் சட்டத்தைப் பிரிக்கவேண்டும், யார் போட்ட சட்டமாக இருந்தாலும்" என்றேன். அதன் பிறகு லட்சுமியையும் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கேள்விகள் நிற்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

கடைசியில், "ஒட்டியவர் யார்?" என்று கேட்டார். "என் அப்பா." "வெட்டியவர்?" "அவரும் என் அப்பாதான்." எங்கள் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். என் பாடத்துக்கு அறை ஒதுக்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

பட்டச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். சட்டம் போட்டு வீட்டில் மாட்டுங்கள். இதை வேறு கடைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தங்கமயில்

தாராவி
2-4-1968

டாக்டர் தங்கமயிலுக்கு அப்பா எழுதுவது.

ஊசி போடுகிற டாக்டரா என்று சுடலை அண்ணாச்சி கேட்டார். நூற்றாண்டுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன். முட்டிவலியைக் காட்ட வருவதாக இருந்தவர் யோசிக்கிறார்.

சான்றிதழ் வந்தது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பிரித்தேன். அளவெடுத்துப் பார்த்தால், கடையில் இருக்கிற எந்தக் கண்ணாடிக்கும் அது அடங்கவில்லை. இரண்டு பக்கமும் வெறும் வெள்ளைக் காகிதம் நீட்டிக்கொண்டிருக்கிறது. நாகூர் மீரான் என்னைப் பார்த்தான். நான் கத்தியைப் பார்த்தேன். உன் அம்மா, "ஓரத்துல எழுத்து ஒண்ணும் இல்லியே, லேசா நறுக்குனா என்ன?" என்றாள். கடைக்கு வந்திருந்தவர்களும் ஆமாம் என்றார்கள்.

கத்தியை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டேன். நாகூர் மீரான் தன் கடையிலிருந்து பெரிய கண்ணாடித் தகட்டை எடுத்துவந்து, உன் காகிதத்தின் அளவுக்கு வெட்டினான். மிச்சம் வந்தது எதற்கும் உதவாது. இந்தக் கடையில் படத்தின் அளவுக்குக் கண்ணாடி வெட்டினது இதுதான் முதல் தடவை.

வீட்டில் மாட்டுவதற்கு இடம் போதவில்லை. முருகனை இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நீ வந்ததும் சட்டத்தைப் பிரித்துப் பார்த்துக்கொள். உள்ளே ஒரு ஒட்டும் இல்லை.

அப்பா
அய்யாத்துரை